ஏழு ஊசிகள்

டியூபுலர் பூட்டு என்று பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது, காட்டினால் தெரியும். காப்பி எந்திரத்தின் கதவில், மடிக்கணினியை மேசையோடு கட்டும் கம்பியில், சிறிய பணப்பெட்டிகளில் இருக்கும். சாவித்துளை வட்டமாக, மோதிரம் பதித்ததுபோல் தெரியும். சாவியும் சின்னக் குழாய்த் துண்டுதான்.

உள்ளே ஒரு மையத் தண்டைச் சுற்றி வட்டமாகப் பின்கள் நிற்கின்றன. பெரும்பாலும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். சாவியின் விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் ஒவ்வொரு பின்னையும் அதற்குரிய ஆழத்துக்கு மட்டும் தள்ளும். ஒன்று கூடுதலாகப் போனாலும் குறைந்தாலும் பூட்டு அசையாது.

சாவியில்லாமல் திறக்க ஒரு வழி, லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பின்னாக அழுத்துவது. சரியான ஆழம் வந்ததும் விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு தெரியும். ஏழும் முடிந்து உருளை நகர்ந்தாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு பின்னும் அடுத்த குழிக்கு நேரே வந்ததும் விழுந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். திரும்பவும் ஏழு. பாதியில் விட்டால் அதன் சொந்தச் சாவிகூட உள்ளே போகாது.

இன்னொரு வழி, இதற்கென்றே செய்த கருவி. பேனா அளவுள்ள குழாய், அதைச் சுற்றி நகரும் ஏழு ஊசிகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு வளையம். பூட்டில் செருகி, மெல்ல அழுத்தி, இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கவேண்டும். பின்கள் ஊசிகளைப் பின்னுக்குத் தள்ளும். எந்தப் பின் எவ்வளவு ஆழம் கேட்கிறதோ அந்த அளவில் ஊசி நிற்கும். வளையம் தளர்ந்தால் ஊசி நழுவிவிடும், இறுகினால் நகராது. பாகு காய்ச்சுவதுபோல் பதம்தான் முக்கியம். ஏழும் நின்றுவிட்டால் கருவியே சாவியாகிவிடும். அந்த அளவைப் பார்த்துப் புதுச் சாவியும் வெட்டலாம்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய மூன்று பூட்டுகளை வைத்து, இரவுச் சமையல் முடிந்தபின் அடுப்பு மேடையில் இதைப் பழகினேன். “டாக்டர் பட்டம் வாங்கிட்டுத் திருடவா பழகுற?” என்றார் சித்தி.

‘சாவி’ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். ‘கள்ளச் சாவி’ நாம் சேர்த்தது. உரியவர் அல்லாதவர் கையில் இருப்பது கள்ளச் சாவி என்றால், அம்மாவின் நகைகள் இருந்த பீரோவின் சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்ததை என்னவென்று சொல்வது? அகப்பாடல்களில் இற்செறிப்பு பற்றி நான் பாடம் நடத்தும்போது, மாலையில் வெளியிலிருந்து பூட்டப்படும் விடுதிக் கதவை நினைத்து மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் சங்கம் வைத்து, போட்டி நடத்தி இதை விளையாடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு விதிகள்: உன்னுடையதல்லாத பூட்டை அனுமதியின்றித் தொடாதே, பயன்பாட்டில் உள்ள பூட்டில் கைவைக்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மகளின் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வட்டச் சாவித்துளை.

“நீதான் எதையும் தொறந்துடுவியாமே. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்படியே பூட்டிரலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

“அவகிட்டக் கேட்டியாண்ணே?”

“பெத்தவன் கேக்கணுமா?”

“ரெண்டு நிமிஷ வேலைதாண்ணே. ஆனா செய்யமாட்டேன்.”

அம்மாவும் அவன் பக்கம். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி பூட்டு?” பெட்டியை நான் திருப்பித் தரவில்லை, அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அண்ணன் நான்கு மாதம் பேசவில்லை. பெண் எழுத வேண்டுமானால் தனியறை வேண்டும் என்ற வர்ஜீனியா வுல்ஃப், அந்த அறைக் கதவுக்குப் பூட்டும் வேண்டும் என்றார். நாம் அறையைப் பற்றிப் பேசுகிறோம், பூட்டை மறந்துவிடுகிறோம்.

அவள் வந்தபோது பெட்டியைக் கொடுத்து, அதன் பூட்டு எவ்வளவு பலவீனமானது என்பதையும் சொன்னேன். 2004இல் அமெரிக்காவில், கிரிப்டோனைட் நிறுவனத்தின் சைக்கிள் பூட்டைச் சாதாரண பிக் பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகித் திறக்கலாம் என்று ஒரு சைக்கிள்காரர் வெளியே சொன்னார். அந்தப் பிளாஸ்டிக், பின்களுக்கு ஏற்றபடி அமுங்கிச் சாவியாகிவிட்டது. நிறுவனம் லட்சக்கணக்கான பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்தக் குறை முன்பும் இருந்ததுதான். அது வெளியே வந்தபின்தான் சைக்கிளின் சொந்தக்காரர்கள் நல்ல பூட்டுக்கு மாறமுடிந்தது. ‘இதெல்லாம் பொம்பளைங்களுக்கு எதுக்கு’ என்று நம்மிடமிருந்து மறைக்கப்படும் ஒவ்வொன்றும், நம் கதவை யாரோ எளிதாகத் திறப்பதற்கு உதவிக்கொண்டிருக்கிறது.

“எனக்கும் சொல்லித் தாங்கத்தே” என்றாள். அடுப்பு மேடையில் உட்கார்ந்து முதல் பூட்டைத் திறக்க அவளுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பெட்டிக்கு இப்போது வேறு பூட்டு போட்டிருக்கிறாளாம். என்ன பூட்டு என்று நான் கேட்கவில்லை.