அப்புத்தளையில் ஓர் இறைச்சித் தேடல்

ஊவா மாகாணத்து மலைநகரங்களுள் அப்புத்தளைக்கெனத் தனிச்சிறப்பொன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1,400 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், எருதின் முதுகெலும்பு போல நீண்டு கிடக்கும் ஒரு மலைமுகட்டின்மீது இச்சிறு நகரம் அமர்ந்திருக்கின்றது. ஒருபுறம் நின்று தெற்கே நோக்கினால், காலடியில் மலை சட்டெனச் சரிந்து தாழ்நிலம் பரந்து தோன்றும்; வானம் தெளிந்த நாட்களில் அதற்கப்பால் தென்கடலும் ஒரு வெள்ளிக்கோடாய்த் தெரியும். மறுபுறம் திரும்பினால் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து மலைகள் அலையலையாய் விரியும். நண்பகல் கழிந்ததும் மூடுபனி ஏறிவந்து கடைத்தெருவுக்குள் நுழைந்து, எதிரே வருபவர் முகத்தையும் மறைத்துவிடும். 1893 ஆம் ஆண்டு இங்கு வந்துசேர்ந்த இருப்புப்பாதை கடைத்தெருவை ஒட்டியே செல்கின்றது.

இவ்வழகைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால், சென்ற பாடசாலை விடுமுறையின்போது யான் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக அப்புத்தளைக்குச் சென்றது காட்சிகளைக் காண்பதற்காக அன்று, இறைச்சி தேடுவதற்காக! வாசகர்கள் நகைக்க வேண்டா. காரணம் சற்றுக் கவலைக்குரியது.

என் தமக்கையின் மகள் இப்பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கின்றாள். இரண்டாண்டுகளாக அவளுக்கு ஓயாத வயிற்றுப் பொருமலும் வலியும் தலைநோவும். வகுப்பில் அரைமணி நேரம் நிற்க இயலாமல் நாற்காலியைத் தேடும் நிலை வந்தது. சோதனைகள் பல நடந்தன. பெருநோய் எதுவும் இல்லையென்பது தெளிவாயிற்று. இறுதியில் வைத்தியர், "நாம் உண்ணும் பொருள்களுள் ஏதோவொன்று உமக்கு ஒவ்வவில்லை. எதுவென்று கண்டுபிடிப்போம்" என்று கூறி, முப்பது நாட்களுக்கு ஓர் உணவுப் பட்டியலை எழுதிக் கொடுத்தார்.

விலக்கிப் பார்க்கும் முறை

இந்த முறை புதிதன்று. ஐயத்துக்குரிய உணவுகளையெல்லாம் ஒருங்கே விலக்கி, உடல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டறியும் வழியை, 1920களிலேயே ஆல்பர்ட் ரோ என்னும் அமெரிக்க வைத்தியர் நோயாளரிடம் கையாண்டார். அண்மைக் காலத்தில், 2009 ஆம் ஆண்டு முதல், 'ஹோல் தேர்ட்டி' என்ற பெயரில் முப்பது நாள் முழுவுணவு முறையொன்றும் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கின்றது. தானியம், பருப்பு வகை, பால், சர்க்கரை, மது ஆகிய ஐந்தும் அம்முறையில் ஆகா. இறைச்சி, மீன், முட்டை, மரக்கறி, பழம், தேங்காய், கிழங்கு ஆகியவை ஆகும்.

எம்மவர் வீட்டில் இப்பட்டியல் எத்தகைய புயலைக் கிளப்பும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தானியம் ஆகாதெனில் சோறும் ரொட்டியும் பாணும் போயின. பருப்பு வகை ஆகாதெனில் பருப்புக்கறியும் கடலையும், லயத்து வீடுகளில் இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கும் சோயாமீற்றும் போயின. தேயிலை மலையின் நடுவே பிறந்த பெண்ணுக்குப் பால்தேநீரும் இல்லை. சர்க்கரையோ கருப்பட்டியோ கடித்துக் கொள்ளாத வெறும் பிளேன்டீ மட்டுமே.

காலையும் இரவும் ஒருவாறு சமாளித்தாள். தொல்லை நண்பகல் உணவில் வந்தது. காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுபவள், பிற்பகல்தான் திரும்புவாள். பாடசாலையில் உணவைச் சூடாக்க வசதியில்லை. அவித்த மரவள்ளிக் கிழங்குடன், ஆறியபடியே உண்ணத்தக்க இறைச்சித் துண்டங்கள் இருந்தால் அலுவல் முடிந்தது. நகரத்துக்கு இறங்குவதோ வாரத்தில் ஒருநாள். முப்பது நாட்களுக்குள் ஒரு போயா தினமாவது வந்தே தீரும். அன்று இறைச்சிக் கடைகள் அடைத்திருக்கும். ஆதலால், வாங்கி வைத்தாலும் கெடாத இறைச்சியே அவளுக்குத் தேவைப்பட்டது.

குளிர்ப்பெட்டியின் முன்னே

ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் நகரத்துப் பெரிய கடையொன்றுக்குச் சென்றோம். கண்ணாடிக் கதவிட்ட குளிர்ப்பெட்டியில் கோழிச் சொசேஜ், மீட்போல், மெல்லியதாய்ச் சீவிய ஹாம், பேக்கன் என வண்ண வண்ணப் பொதிகள் அடுக்கியிருந்தன. "இத்தனை இருக்கும்போது கவலை எதற்கு?" என்றேன். அவள் பதில் பேசாமல் ஒரு பொதியைப் புரட்டி, பின்புறத்தில் எறும்புபோல் அச்சிட்டிருந்த எழுத்துக்களை என்னிடம் காட்டினாள்.

கோழியிறைச்சி, நீர், மாப்பொருள், சோயாப் புரதம், உப்பு, சீனி, சுவையூட்டி, அதன் பின்னே வரிசையாகச் சில எண்கள். இரண்டாவது பொதியில் பால்மா இருந்தது. மூன்றாவதில் கோதுமைத் தூள். ஹாமில் மாவும் சோயாவும் இல்லை. ஆயினும் சீனி இருந்தது. பொதிக்குப் பொதி பெயரும் படமும் மாறினவேயன்றி, அவளுடைய பட்டியலுக்குள் அடங்கியது ஒன்றுகூட இல்லை.

"மாமா, இறைச்சி வாங்க வந்தால் இறைச்சியைத் தவிர மற்றெல்லாம் இருக்கின்றதே!" என்றாள்.

அந்த எண்களுக்கும் பொருள் உண்டு. 250 என்பது சோடியம் நைத்திரைற்று. 451 என்பது இறைச்சியில் நீரைப் பிடித்துவைக்கும் பொசுபேற்று வகை. 621 என்பது நாம் 'அஜினமோட்டோ' எனப் பொதுவாக வழங்கும் சுவையுப்பு. இவை வீணுக்குச் சேர்க்கப்படுவன அல்ல. நைத்திரைற்று இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதோடு, கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியையும் வளரவிடாது தடுக்கின்றது. அந்த நச்சுநோயை 1820 ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் விரிவாக ஆராய்ந்தவர் யுஸ்தீனுஸ் கெர்னர் என்னும் வைத்தியர். அவர் சிறந்த கவிஞருங்கூட. கெட்டுப்போன சொசேஜை உண்டவர்கள் மாண்டதை அவர் ஆராய்ந்தார். அந்நோய்க்குப் பிற்காலத்தில் வழங்கிய 'பொட்டுலிசம்' என்ற பெயரே, சொசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும்.

மறுபுறத்தையும் சொல்லுதல் வேண்டும். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015 ஆம் ஆண்டு அறிவித்தது. எனவே, பொதியைக் கீழே வைத்ததில் எமக்கு வருத்தம் உண்டாகவில்லை. கை வெறுங்கையாய் இருந்ததுதான் வருத்தம்.

பேக்கன் விற்ற தேயிலை வேந்தர்

அன்று பிற்பகல், அப்புத்தளையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்துப் பக்கம் சென்றோம். 1890 ஆம் ஆண்டு இத்தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனைத் தேயிலை வேந்தராகவே நாம் அறிவோம். மலையுச்சியில் அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட இடம் இன்றும் 'லிப்டன் சீட்' என்றே வழங்குகின்றது. ஆயினும், 1871 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் அவர் திறந்த முதற்கடையில் பெயர்பெற்றவை ஹாமும் பேக்கனும் வெண்ணெயும் முட்டையுமே! கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலமாய் நடத்தித் தம் கடைக்கு விளம்பரம் தேடியவர் அவர். இறைச்சிக் கடையில் ஈட்டிய பொருளே பின்னர் இம்மலைகளைத் தேயிலையால் போர்த்தியது. அக்காலத்து பேக்கனும் என் மருமகளுக்கு உதவியிராது என்பது வேறு செய்தி. வெடியுப்பும் சர்க்கரையும் இட்டுப் பதப்படுத்தும் வழக்கம் அன்றே இருந்தது. பழமை என்பதாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது.

அப்புத்தளையை அடுத்துள்ள தியத்தலாவையில், 1900 ஆம் ஆண்டு முதல், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஆயிரக்கணக்கில் முகாமிட்டிருந்தனர். அவர்களுடைய நாட்டு உணவு 'பில்டோங்' என்பது. இறைச்சியை நீள்கீற்றாக அரிந்து, உப்பும் வினாகிரியும் மிளகும் கொத்தமல்லியும் தடவிக் காற்றில் உலர்த்துவார்கள். இதே பதுளை மாவட்டத்தின் வடகோடியில், மகியங்கனைக்கு அப்பால், வேடர் குலத்தவர் வாழ்கின்றனர். காட்டு மனிதர் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்துக் களிமண்ணால் மூடி வைப்பார்கள் என்று, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். குளிர்ப்பெட்டி தோன்றுமுன்னரே ஒவ்வோர் இனமும் தனக்கெனவொரு வழியைக் கண்டிருந்தது. அங்ஙனமாயின் எம்மவர் வழி யாது?

லயத்து அடுப்பில்

விடை வீட்டிலேயே இருந்தது. மருமகளின் கணவனுடைய அப்பாயி, எண்பதைக் கடந்த மூதாட்டி. திருச்சிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தின் வழக்கங்களை மறவாதவர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "உப்புக்கண்டம் போட்டா ஆகாதா? உப்பு, மஞ்சள், மிளகாய், இதுக்கு மேல அதுல என்ன இருக்கு?" என்றார். நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம்.

மறுநாள் கடைத்தெரு இறைச்சிக் கடைக்குச் சென்று, "நானா, தொடைக்கறி, கொழுப்பில்லாமல் வெட்டித் தாருங்கள்" என்று கேட்டு ஆட்டிறைச்சி வாங்கினோம். அப்பாயி அதை விரற்கனத்துக்கும் மெல்லிய நீள்கீற்றுகளாக அரியச் செய்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, ஓரிரவு ஊறவிட்டு, நூலிற் கோத்து வெயிலில் தொங்கவிட்டார். கடைத்தூளில் மா கலந்திருக்கக்கூடும் என்பதால், மிளகாயை வறுத்து வீட்டிலேயே இடித்துக் கொண்டோம். பெருங்காயம் சேர்க்கவில்லை, கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். அப்புத்தளை வெயிலோ நண்பகல் வரையே. மூடுபனி ஏறியதும் கோவையை எடுத்து வந்து அடுப்புக்கு மேலேயுள்ள பரணிலே கட்டினோம். ஐந்தாம் நாள் அது சுள்ளிபோல் ஒடிந்தது. நீர் வற்றிய இறைச்சியில் உப்பும் ஏறியிருந்தால் கிருமிகள் பெருகமாட்டா. நன்கு உலராமல் உள்ளே ஈரமிருந்தால் ஆபத்து. அத்தகையதை எறிந்துவிட வேண்டும். உண்பதற்கு முன் தட்டித் தேங்காயெண்ணெயிற் பொரித்துக் கொள்ளலாம்.

ஆனால், உப்பிட்ட இறைச்சி எதுவாயினும் அளவோடுதான் உண்ணத்தக்கது. இரத்த அழுத்தம் உடையோர்க்கு ஆகாது. ஆகவே, நாள்தோறும் எடுத்துச் செல்வதற்கு வேறொரு வழியைக் கைக்கொண்டோம். கோழியின் நெஞ்சுக்கறியை உப்பு, மிளகு, உள்ளி மட்டும் சேர்த்து மூடிய சட்டியில் மெல்லிய நெருப்பில் வேகவைத்து, முழுதும் ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கூரிய கத்தியால் மெல்லியதாய்ச் சீவினோம். பார்வைக்குக் கடையில் விற்பதுபோலவே இருந்தது! மூன்று நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். அப்புத்தளைக் குளிரில் நண்பகல் வரை பெட்டியில் எடுத்துச் செல்லலாம். வெப்பமான ஊர்களில் இது கூடாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒருநாட் சம்பளம் ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குப் போதாது. இத்தகைய பட்டியலை எழுதும்போது ஏழை வீட்டு அடுப்பை எவரும் நினைப்பதில்லை. அந்த அடுப்புக்குக் கைகொடுத்தவை முட்டையும் நெத்தலிக் கருவாடுமே. நெத்தலியில் மீனும் உப்பும் அன்றி வேறொன்றும் இல்லை. கழுவி ஊறவைத்து உப்பைக் குறைத்து, வெங்காயத்துடன் வதக்கினால் மரவள்ளிக்கு ஈடான துணை. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த அப்பொருள், அமெரிக்கர் வகுத்த கடுமையான பட்டியலிலும் தவறின்றித் தேறிவிட்டது!

முப்பது நாட்களும் கடந்தன. பத்தாம் நாளுக்குப் பின் பொருமல் தணிந்ததாகவும், மூன்றாம் வாரத்தில் தலைநோவு நின்றதாகவும் மருமகள் எழுதியிருந்தாள். பின்னர் வைத்தியர் கூறியபடி ஒவ்வோர் உணவாகத் திரும்பச் சேர்த்தாள். சோறு ஒத்துக்கொண்டது. பருப்பும் ஒத்துக்கொண்டது. பால்தேநீர் குடித்த இரண்டாம் நாள் பழைய வலி திரும்பியது. குற்றவாளி அகப்பட்டுக் கொண்டான்! இன்று அவள் பாலை மட்டும் விலக்கி, மற்றெல்லாம் உண்டு, மாலைவரை நின்று பாடம் நடத்துகின்றாள்.

இதனைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே சோற்றை நிறுத்திவிட வேண்டா. சிறுவர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் இம்முறை வைத்தியர் துணையின்றித் தீங்கு தரலாம். இது ஆயுள் விரதமுமன்று. நோயின் காரணத்தைத் தேடும் முப்பது நாட் சோதனையே. ஆயின் நோயில்லாதவரும் ஒன்று செய்யலாம். அடுத்தமுறை குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுக்கும்போது அதன் பின்புறத்தைத் திருப்பி, உள்ளே இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கைவிரல்கள் போதுமானால் கூடைக்குள் இடலாம். போதாதெனில், வீட்டிலே உப்பும் மஞ்சளும் மிளகாயும் இருக்கின்றனவே!