மாங்காய் பேஸ்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று பேஸ் கிட்டார்கள் நிற்கின்றன. ஒன்று வயலின் வடிவம். இன்னொன்றுக்குத் தலையே கிடையாது. மூன்றாவது மாங்காய். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முதலில் மாங்காயைப் பார்ப்பார்கள். அப்புறம் என் மனைவியைப் பார்ப்பார்கள்.

நான் லைட் மியூசிக்கில் பேஸ் வாசிக்கிறவன். ரிசப்ஷன், அம்மன் கோயில் திருவிழா, எப்போதாவது கட்சி விழா. பேஸின் தடித்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிரும். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. அதற்கு இரண்டு பங்கான 82-ஐயும் அதற்கு மேலே உள்ளவற்றையும்தான் அது வெளியே தள்ளும். அடியில் இருக்க வேண்டியதை உங்கள் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆக, நான் வாசிப்பதில் ஒரு பகுதி கேட்பவர் தயவு.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அதை வாசித்த சசிதரனின் பெயர் எனக்குத் தெரிய வந்ததே, நானே மேடையேறி பல வருஷம் கழித்துத்தான். ரகுமான் வந்த பிறகு கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயரைப் போட ஆரம்பித்தார்கள். பேஸ், கீத் பீட்டர்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்ததை, ஏதோ என் பெயரே அச்சில் வந்தமாதிரி நாலு பேரிடம் காட்டியிருக்கிறேன்.

பாடகர் முன்னால், கீபோர்டுக்காரர் பக்கவாட்டில், பேஸ்காரன் டிரம்ஸ் ஓரத்தில் இருட்டில். காதுக்குத் தெரியாதவன் கண்ணுக்காவது தெரியட்டுமே என்கிற ஆசைதான் இந்த விசித்திர வடிவங்களுக்கெல்லாம் மூலம் என்பது என் கட்சி. கிஸ் குழுவின் ஜீன் சிமன்ஸ் கோடரி வடிவ பேஸை மாட்டிக்கொண்டு நின்றார். பூட்ஸி காலின்ஸ் நட்சத்திர வடிவம் செய்துகொண்டார். இரண்டுமே பேஸ்தான் என்பதைக் கவனியுங்கள்.

வடிவத்தால் ஓசை மாறுமா என்று கேட்பார்கள். வீணைக்கு மாறும், அதன் குடம் உள்ளே குடைந்தது, ஒலியே அங்கேதான் பிறக்கிறது. கெட்டி மரத்தில் செய்த எலக்ட்ரிக் பேஸில் தந்தியின் அசைவைக் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் பிடித்து ஆம்புக்கு அனுப்புகின்றன. மரத்தின் ஓரம் வளைந்திருக்கிறதா, கூராக இருக்கிறதா என்பது அந்தக் காந்தத்துக்குத் தெரியாது. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அதற்கு இரண்டு கொம்பு வைத்தார். நான் அதை வெகுநாள் அழகுக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறியாமைக்கு அப்புறம் பணம் கட்டினேன்.

வயலின் வடிவம் ஹோஃப்னரின் நகல். அசலை ஜெர்மனியில் 1956-இல் செய்தார்கள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஒன்று வாங்கினார். அவர் இடது கைக்காரர். வயலின் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவர் கணக்கு. 1972-இல் திருடுபோன அந்த பேஸ் ஐம்பது வருஷத்துக்குமேல் கழித்து அவரிடமே திரும்பி வந்தது. என்னுடையதை யாரும் திருடவில்லை. இரவல் வாங்கிப் போனவர்கூட மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மாங்காய்க்கு வருகிறேன். பட்டுச்சேலைக் கரையில் வருமே, நுனி வளைந்த மாங்காய், அதுதான் எனக்கு வேண்டும். அண்ணா சாலையில், 1842-இல் மிஸ்குவித் கடையாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கலின் கண்ணாடிக்கு வெளியே நின்று பேஸ் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் மாங்காயை எந்தக் கடையில் கேட்பது? எங்கள் சந்து முனையில் கதவு, ஜன்னல் செய்யும் மேஸ்திரியிடம் போனேன். பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் பர்மா தேக்குக் கதவு ஒன்று அவரிடம் கிடந்தது.

கழுத்தை நாங்கள் செய்யவில்லை. பழைய பேஸ் ஒன்றிலிருந்து கழற்றியது. நாலு ஸ்குரூ, அவ்வளவுதான். மேஸ்திரி காதில் பென்சிலோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இதுல அசையக்கூடாத அளவு எது?" தந்தியின் நீளம் 34 இன்ச், பன்னிரண்டாவது ஃப்ரெட் அதற்குச் சரிபாதியில் வரவேண்டும் என்றேன். "அப்போ பதினேழு, பதினேழு" என்று கதவுப் பலகையில் எழுதிக்கொண்டார். மீதியெல்லாம் அவருக்கு மரவேலை.

தப்பு என்னுடையது. சேலையில் இருக்கிறபடியே வரைந்து கொடுத்தேன். மாங்காயின் நுனி கீழே, தொடைப் பக்கம் வளைந்து வந்தது. உட்கார்ந்து வாசிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஸ்ட்ராப்பை மாட்டி எழுந்து நின்று இடது கையை எடுத்தேன். கழுத்து சர்ரென்று தரைக்கு இறங்கியது. நாலு முறுக்காணியும் கழுத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கின்றன, அந்த எடை சும்மா இருக்குமா? ஒரு ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் வாசித்தேன். இடது கை சுரம் பிடித்ததைவிடக் கழுத்தைத் தூக்கிப் பிடித்ததுதான் அதிகம். மறுநாள் காபி டம்ளரைத் தூக்கத் தோள் இடம் கொடுக்கவில்லை.

மேஸ்திரி பேஸை வாங்கி ஸ்ட்ராப்போடு ஆணியில் மாட்டினார். அது தலை குப்புறத் தொங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "காவடி தூக்குறவன் தோள் எங்க இருக்கு தம்பி? ஓரத்துலயா?" என்றார். மாங்காய் அட்டையை எடுத்து அப்படியே கவிழ்த்தார். இப்போது வளைந்த நுனி மேலே வந்து, கழுத்தை ஒட்டிப் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் நீண்டது. நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி. "வாரை இங்க மாட்டு."

லியோ ஃபெண்டரின் மேல்கொம்பு செய்கிற வேலையும் இதுதான். தூக்குகிற புள்ளி கழுத்துப் பக்கம் தள்ளிப்போனால் தராசு நிற்கும். அமெரிக்காவில் நெட் ஸ்டைன்பெர்கர் வேறு வழியில் போனார். தலையையே வெட்டிவிட்டு, முறுக்காணிகளை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்துவிட்டார். என் தலையில்லாத பேஸ் அந்த வழி வந்தது. தஞ்சாவூர் வீணைக்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் பலாமரக் குடம், இன்னொரு பக்கம் யாளி முகம், அந்தப் பக்கத்து எடையைத் தாங்கத் தொடைமேல் ஒரு சுரைக்காய். யோசித்தால் அதைவிட விசித்திரமான வடிவம் உண்டா? சரஸ்வதி கையில் இருப்பதால் யாரும் சிரிப்பதில்லை.

இரண்டாவது மாங்காய் ஐந்து கிலோ. கையை விட்டால் நின்ற இடத்தில் நிற்கிறது. எந்த ரெடிமேட் பெட்டியிலும் அடங்கவில்லை என்பதால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சீட் கவர் தைக்கிற கடையில் ரெக்ஸினில் உறை தைத்தேன். தைத்தவர் அளவெடுத்துவிட்டு, இது எந்த வண்டி சீட்டு என்று கேட்டார். தேர்தல் சமயத்தில் ராத்திரி ஆட்டோவை நிறுத்தி அந்த உறையைத் திறக்கச் சொன்ன காவலர், உள்ளே பார்த்துவிட்டு, ஒரு பாட்டு வாசிங்க என்றார். ஆம்ப் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். கேட்கவே இல்லையே என்றார்.

போன தையில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் பாட்டி, அரக்குப் பட்டு, மேடையோரம் வந்து நின்றார். என் பேஸையே பார்த்தார். பிறகு தன் முந்தானையைக் கொஞ்சம் விரித்து, ஜரிகை மாங்காயை விரலால் தொட்டுக் காட்டி, "தலைகீழா வெச்சிருக்கியே, ராஜா" என்றார்.

கீழ்நோக்கி வளைந்த முதல் மாங்காய் இப்போது மேஸ்திரி கடையில் தொங்குகிறது, இழைப்புளியும் ரசமட்டமும் மாட்ட. விசித்திர வடிவத்தில் பேஸ் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்ல மரத்தில் கை வைக்குமுன் மலிவான பலகையில் வெட்டி, கழுத்தையும் முறுக்காணியையும் பூட்டி, தோளில் மாட்டி எழுந்து நின்று, இடது கையை எடுத்துப் பாருங்கள்.