ஐஸ் மிதக்கும் கிண்ணம்

தென்கொரியாவின் பூசான் நகரம் என்றதும் நம்மவர்களுக்கு அந்த ஜாம்பி ரயில் படம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் மில்மியோன் என்பார்கள். ஐஸ் மிதக்கும் எலும்புச் சாற்றில் கோதுமை நூடுல்ஸ். சூப் என்றால் ஆவி பறக்க வேண்டும் என்று பழகிய நாக்குக்கு இது ஏதோ ஆறிப்போன பண்டம் மாதிரிதான் தோன்றும்.

ஊவாம்-தோங் பகுதிக்கு இதற்காகவே போனேன். ஜப்பானியர் ஆட்சியில், கப்பலேறப்போகும் மாடுகளைக் கட்டிவைத்த கொட்டகைகள் இருந்த இடம் அது. 1950-ல் கொரியப் போர் வெடித்து, அகதிகள் பூசானில் வந்து குவிந்தபோது அந்தக் கொட்டகைகளையே தடுத்து வீடுகளாக்கிக்கொண்டார்கள். சந்துகள் இன்றும் ஒடுக்கம்தான். அங்கேதான் இருக்கிறது நேஹோ நேங்மியோன் என்ற கடை.

நேஹோ, வடகொரியாவின் ஹுங்னாம் துறைமுகப் பகுதியில் உள்ள ஊர். கடைக்காரக் குடும்பம் அங்கேயும் நூடுல்ஸ் கடைதான் நடத்தியது. 1950 டிசம்பரில் சீனப்படை நெருங்கியதும், ஹுங்னாமிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேறித் தெற்கே வந்தார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒற்றைச் சரக்குக் கப்பலில் மட்டும் 14,000 பேர். பிற்பாடு தென்கொரிய அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அதில் இருந்தார்கள்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டுமே! வடக்கின் குளிர் நூடுல்ஸான நேங்மியோனுக்கு பக்வீட் மாவோ கிழங்கு மாவோ வேண்டும். போருக்குப் பிந்தைய பூசானில் அவற்றுக்குப் பஞ்சம். தாராளமாகக் கிடைத்தது அமெரிக்க உதவியாக வந்து இறங்கிய கோதுமை மாவு. அதில் கொஞ்சம் கிழங்கு மாவைக் கலந்து பிசைந்து, அச்சில் இட்டு நேரே கொதிநீரில் பிழிந்தார்கள். அதுதான் மில்மியோன். நம் இடியாப்ப உழக்கின் பெரியண்ணன் என்று அந்த அச்சைச் சொல்லலாம். வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசி எடுப்பார்கள். இழையின் விறைப்பு அந்த அலசலில்தான் வருகிறது.

உட்கார்ந்ததும் ஒரு கெட்டில் வந்தது. உள்ளே சூடான மாட்டெலும்புச் சாறு. நாமே ஊற்றிக் குடித்துக்கொள்ள வேண்டும். (சைவக்காரர்கள் கடல் பார்த்துவிட்டுத் திரும்புவது உத்தமம், இங்கே அவர்களுக்கு ஒன்றும் இல்லை.) பிறகு எவர்சில்வர் கிண்ணம். சுருட்டி வைத்த நூடுல்ஸ்மேல் வெள்ளரி, ஊறவைத்த முள்ளங்கி, ஒரு துண்டு இறைச்சி, அரை முட்டை, உச்சியில் சிவந்த மிளகாய் விழுது. பரிமாறிய அம்மா கத்தரிக்கோலோடு நின்றார். தலையாட்டியதும் நூடுல்ஸைக் குறுக்கே வெட்டிவிட்டார்.

வினிகரும் கடுகு விழுதும் மேசையிலேயே இருக்கின்றன. அவசரப்படக் கூடாது. முதலில் விழுதைக் கலக்காமல் சாற்றை மட்டும் ஒரு வாய் குடிக்க வேண்டும். லேசான இனிப்பு, எலும்பின் ஆழம், பற்களைக் கூசவைக்கும் குளிர். விழுது கரைந்த பின் அது வேறு சாறு. காரமும் ஐஸும் ஒன்றாக இறங்கும்போது ஜூலை மாதப் புழுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சியோலில் பியோங்யாங் பாணி நேங்மியோனும் சாப்பிட்டிருக்கிறேன். அதன் மெல்லிய சுவைக்கு உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. மில்மியோனை ஏழை வீட்டு நகலாகப் பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பக்வீட் இழை கடித்ததும் அறுந்துவிடுகிறது. கோதுமை இழை கொஞ்சம் மல்லுக்கு நிற்கிறது. காரமான சாற்றுக்கு அந்த முரட்டுத்தனம்தான் பொருத்தம்.

சாறில்லாமல் காரத்தில் பிரட்டித் தரும் பிபிம் வகையையும் வாங்கினேன். இரண்டாவது கவளத்திலேயே கண்ணில் நீர். பக்கத்து மேசைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் கெட்டிலை என் பக்கம் தள்ளினார்.