எங்கள் காருக்கு வந்த விக்கல்

மிக்ஸியின் சத்தம் லேசாக மாறினாலே, "கப்ளர் தேய்ஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுகிற காது நமக்கு. அந்தக் காதைக் காருக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

எங்களுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ், ஓட்டுகிறவள் நான்தான். போன ஐப்பசியில் ஒரு நாள் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கிற்று. மேம்பாலம் ஏறத் திணறிற்று. எஞ்சின் விளக்கு வேறு கண் சிமிட்டியது. "என்னடீ, கட்டை வண்டியிலே போற மாதிரி இருக்கே!" என்றார் அத்தை.

ஒரு பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல், "எஞ்சினைப் பிரிக்கணும், பத்து நாள் ஆகும்" என்றார்கள். பத்து நாளென்றால் நாலு டயாலிஸிஸ்! ஆட்டோவின் குலுக்கலை அத்தை உடம்பு தாங்குமா?

தெருக்கோடிப் பட்டறைத் தம்பியைக் கூப்பிட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். 'பி0302' என்று காட்டியது. "கடைசி எண்தான் சிலிண்டர், அக்கா. ரெண்டாவது சரியா எரியலை."

ஏன் எரியவில்லை? காற்றும் பெட்ரோலும் அளவாகச் சேரணும், நன்றாக அழுந்தணும், சரியான நேரத்தில் பொறி விழணும். இதில் ஒன்று குறைந்தாலும் விக்கல்தான்.

எங்கள் காரில் சிலிண்டருக்கு ஒரு காயில். எஞ்சினை அணைத்து, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டினார். பழைய எண்ணை அழித்து, திரும்ப ஓட்டிப் பார்த்தார். இப்போது பி0303! காயில் போன இடத்துக்கே கோளாறும் போயிருக்கிறது. எண் மாறாமல் இருந்திருந்தால் அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், அப்புறம்தான் கம்ப்ரஷன் பார்க்கணுமாம். எங்களுக்கு ஒரு காயிலோடு தீர்ந்தது. மறுநாள் அத்தை நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

ஒன்று மட்டும் கவனம், சகோதரிகளே. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கன்வெர்ட்டருக்குப் போய், அதைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். அது விலை கூடிய சாமான். சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றவும் விடாதீர்கள்.

பட்டறையில், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால், "இதுதான் கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகலாம்.