எந்தத் தெரு?

ஊர் சுற்றுவது என்கிற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பேர் கிடையாது. ஆம்பளை சுற்றினால் வேலைவெட்டி இல்லாதவன். பொம்பளை சுற்றினால் அதைவிட மோசம். சேரியில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. சுற்றுவதற்கு முதலில் தெரு வேண்டும். கூலிக்குப் போகலாம், கூப்பிட்டால் போகலாம், சாவுச்சேதி சொல்லப் போகலாம். ஊர்த்தெருவில் சும்மா போக என் பாட்டிக்கு வாய்க்கவில்லை. 'சும்மாதான் போறேன்' என்று ஒருத்தி சொல்ல முடிகிறதா இல்லையா என்பதை வைத்தே ஒரு ஊரை எடைபோட்டுவிடலாம்.

போன வருஷம் நாக்பூரில் ஒரு கூட்டம். கூப்பிட்டவர்கள் இருப்பதில் மலிவான விமான டிக்கெட்டை எடுத்து அனுப்பியிருந்தார்கள். விடிகாலை சென்னையில் ஏறி மும்பையில் இறங்கினேன். அடுத்த விமானம் ராத்திரி. இடையில் பத்து மணி நேரம். உள்ளே ஒரு டீக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் தோள்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போவது என்று அதுவரை யோசிக்கவில்லை. ஆட்டோக்காரர் கேட்டபோதுதான் 'அந்தேரி ஸ்டேஷன்' என்று வாயில் வந்தது. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி. அரை மணி நேரத்தில் தாதர்.

மேற்குப் பக்கம் பூமார்க்கெட்டில் சாமந்தி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைத் தாண்டி, வழி கேட்டுக் கேட்டு கடற்கரைக்கு நடந்தேன். 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் இறந்த அம்பேத்கரின் உடலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து, மறுநாள் எரியூட்டியது இந்தக் கரையில்தான். அங்கே நிற்கிற ஸ்தூபிதான் சைத்யபூமி. 1971இல் திறந்தார்கள். டிசம்பர் 6 என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வரும். நான் போனது சாதாரண நாள். வயசான ஒரு அம்மா பேத்தியின் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் கையிலேயே மெழுகுவத்தியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ யார், எதுக்கு வந்தே என்று என்னை யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போனேன். இந்துக் காலனி என்று பேர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அறிவித்தவரின் வீடு அந்தக் காலனியில்தான் இருக்கிறது. ராஜகிருகம். புத்தகங்களுக்காகவே 1930களில் கட்டிய வீடு. 2020 ஜூலையில் இந்த வீட்டுப் பூந்தொட்டிகளையும் கண்ணாடியையும் உடைத்தார்கள். செத்து அறுபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகும் ஒரு மனிதரின் ஜன்னல் மேல் கோபம் வருகிறது என்றால், அந்த மனிதர் இன்னும் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த வாசலில் நின்றபோது மசூர் ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். 1901. ஒன்பது பத்து வயசுப் பையன். கோரேகாவில் வேலைபார்த்த அப்பாவைப் பார்க்க, நல்ல உடுப்புப் போட்டு, அண்ணனோடும் அக்கா மகன்களோடும் ரயிலேறிப் போகிறான். கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் வந்து விசாரிக்கிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் சம்மதிக்கிறான், பிள்ளைகளே வண்டியோட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த ராத்திரி பசியோடு படுத்தார்கள். வழியில் காத்துக்கிடப்பது எல்லோருக்கும் ஒன்று அல்ல. எனக்குக் கிடைத்த பத்து மணி நேரம் அந்தப் பையன் பட்ட தாகத்தின் மேல் நின்று கிடைத்தது.

தாதரிலிருந்து தாராவி பக்கம்தான். பஸ்ஸில் போய் இறங்கினால் தமிழ்ப் பலகைகள், தமிழ்ச் சண்டை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு எங்கள் ஜனம் வந்து தலைமுறைகள் ஆகின்றன. சந்து முனையில் இட்லி விற்ற பெரியம்மாவிடம் ஒரு தட்டு வாங்கினேன்.

"எந்த ஊரு தாயி?"

சொன்னேன்.

"அதுல எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன்.

"எந்தத் தெரு?"

இந்த மூணாவது கேள்வி நம்மில் யாருக்குத் தெரியாது? விடுதியில் கேட்டார்கள். வாடகைக்கு வீடு பார்த்தபோது கேட்டார்கள். எம்.ஏ. படித்த காலத்தில் சங்க இலக்கியம் நடத்தியவரே கேட்டார். சாதியை வாயால் சொல்லாமல் சாதி கேட்கத் தமிழன் கண்டுபிடித்த நாகரிகம் அது. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே, "காலனித் தெரு" என்றேன்.

அந்தம்மா முகமும் மாறியது. "அட, அப்ப நம்ம புள்ளல்லா!" என்று தட்டில் இன்னும் ரெண்டு இட்லியை வைத்தார். காசு வாங்கவில்லை. மாமனார் தோல் கழுவ வந்த கதையைச் சொன்னார். "இங்க எவனும் தெரு கேக்க மாட்டான் தாயி. பூரா பேரு கேப்பான். எம்மவன் வேலைக்குப் போற எடத்துல எல்லாம் அதத்தான் கேக்கான்." மகன் குடும்பம் மாடியில் இருக்கிறதாம். மறுசீரமைப்புத் திட்டத்தில் மாடியில் இருப்பவர்களுக்கும் 2000க்குப் பிறகு குடியேறியவர்களுக்கும் தாராவிக்குள் இலவச வீடு கிடையாது. "கீழ நான், மேல அவன். ஒரே ஏணி. எங்களப் பிரிச்சு எங்கயோ அனுப்பப் போறானுவ" என்றார்.

நகரம் சாதியைக் கரைத்துவிடும் என்று மேடையில் பேசுகிறோம். பாதி உண்மை. சைத்யபூமியில் என்னை யாரும் கேட்கவில்லை. அது விடுதலைதான், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாரும் கேட்காத இடம் மட்டும் போதாது. கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்கிற இடமும், சொன்னதும் தட்டில் இட்லி விழுகிற இடமும் வேண்டும். அப்படி ஓர் இடத்தை வெறுங்கையோடு வந்தவர்கள் சேற்றைத் தூர்த்துக் கட்டினார்கள். இன்று அதையே அளந்து, யார் உள்ளே யார் வெளியே என்று பட்டியல் போடுகிறார்கள். மசூரில் ஒரு முகம் செய்ததை இங்கே ஒரு தேதியும் ஏணியும் செய்கின்றன.

நாக்பூர் கூட்டத்துக்கு எழுதி வைத்திருந்த கட்டுரை பையிலேயே இருந்தது. அந்தம்மாவின் ஏணியைப் பற்றித்தான் அங்கே பேசினேன்.