உம்மம்மாவின் கைநாட்டு



என் உம்மம்மா அரசாங்கத் தாள்கள் அனைத்திலும் கைநாட்டே வைத்தார். 1981 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியர், வீட்டில் யார் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்டபோது, "உம்மாவுக்குப் படிப்பு இல்லை" என்று என் மாமா பதில் சொன்னார். சிறுமியாக அருகில் நின்ற எனக்கு அதில் தவறேதும் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த உம்மம்மாவும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பின், வழக்கம்போல் அவர் தாழ்வாரத்தில் அமர்ந்தார். ரெஹால் பலகையில் ஒரு கிதாபை விரித்தார். தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சுற்றி அமர, தொழுகையின் ஃபர்ளுகளையும் சுன்னத்துகளையும் வரிவரியாக வாசித்து விளக்கினார். வாசித்தது தமிழ்; எழுத்து அரபி. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி நம் முன்னோர் உருவாக்கிக்கொண்ட அரபுத் தமிழ் அது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் அந்த எழுத்திலேயே தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுதோறும் சென்றன. பள்ளிக்கூடத்தின் படி மிதிக்காத பெண்கள் மார்க்கச் சட்டம் அறிந்திருந்தது அப்படித்தான். ஆயினும் கணக்கெடுப்பின் தாளில் உம்மம்மா எழுத்தறிவில்லாதவர்.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் வீட்டைப் பங்கு பிரித்தோம். பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் இறங்கின. செல்லரித்த ஏடுகள், எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. குர்ஆன் வசனங்கள் கலந்திருக்குமே, காலில் படக் கூடாதே என்ற அச்சத்தில், ஒரு பெட்டியில் இருந்தவற்றை வெள்ளைத் துணியில் சுற்றிக் கண்ணியமாகப் புதைத்துவிட்டோம். புதைக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். எதைப் புதைத்தோம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எஞ்சிய பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. நாடெங்கும் உள்ள ஒரு கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க 'ஞான பாரதம்' என்னும் இயக்கம் நடத்தப்படும். தனியார் வீடுகளில் உள்ளவையும் அதில் அடங்கும் என்றார்கள். 2003 முதல் நடந்துவந்த தேசியச் சுவடி இயக்கத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டில் மூன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. புதிய ஒதுக்கீடு 60 கோடி. என் பெட்டிக்கும் வழி பிறந்தது என்று மகிழ்ந்தேன்.

அதே ஆண்டு ஜூனில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்ட இன்னொரு கணக்கு வெளியானது. 2014-15 முதல் 2024-25 வரை ஒன்றிய அரசு சமஸ்கிருதத்துக்குச் செலவிட்டது 2,532.59 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து 147.56 கோடி, அதில் தமிழின் பங்கு 113.48 கோடி. தமிழ்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. ஒரு மொழிக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை என்று இங்குள்ளவர்கள் கேட்டார்கள். பேசும் மாநிலம் என்று ஒன்று இல்லாத மொழியை ஒன்றியம்தானே தாங்க வேண்டும், மற்ற மொழிகளுக்கு அவரவர் மாநில அரசுகள் உள்ளனவே என்று மறுதரப்பு வாதிட்டது. நான் முதல் தரப்பின் பக்கமே நின்றேன்; இன்றும் நிற்கிறேன். வரிப்பணம் எல்லோருடையது என்றால், அது காக்கும் பண்பாடும் எல்லோருடையதாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கை வாசிக்க வாசிக்க வேறொரு கவலை என்னைப் பற்றிக்கொண்டது. சமஸ்கிருதத்தின் தொகை குறைந்து தமிழின் தொகை பத்து மடங்கு உயர்ந்தாலும், உம்மம்மாவின் கிதாபுக்கு அதில் இடம் உண்டா? முஸ்லிம்களின் மொழி என்றதும் அரசுகளின் நினைவுக்கு வருவது உருது. அதற்கெனக் கழகங்களும் அகாதமிகளும் இருக்கின்றன. நமக்கோ தாய்மொழி தமிழ். தமிழ்ச் சுவடி என்றதும் ஆய்வாளர்கள் தேடுவது தமிழெழுத்தை. அரபிச் சுவடி என்றால் அரபி மொழியை. இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது நம் அரபுத் தமிழ்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். படிவத்தில் மொழிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தன. "மொழி தமிழ், எழுத்து அரபி" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "எழுத்து அரபி என்றால் மொழியும் அரபிதானே அம்மா?" என்று கேட்டார். ஒரு பக்கத்தை விரித்து, தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி ஒரு வரியை வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம தமிழ்!" என்றார்.

ஆயினும் விதி விதிதான். கையால் எழுதப்பட்டதாகவும் 75 ஆண்டுகளுக்குக் குறையாததாகவும் இருந்தால் மட்டுமே அது சுவடி. கல்லச்சில் பதித்தவை அச்சுநூல்களாகவே கருதப்படும். என் பெட்டியில் இருந்த 19 கிதாபுகளில் கையெழுத்துப் படிகள் மூன்று. மற்ற 16 கல்லச்சு. கணக்கில் சேரத் தகுந்தவை அந்த மூன்று மட்டுமே.

வீடு திரும்பியதும் காக்காவிடம் சொன்னேன். "அரசாங்கத்துக்கிட்ட எதுக்கு நீ போய் நிக்கணும்? நம்ம பொருள் நம்ம கையிலேயே இருக்கட்டும்" என்றார். என் மகனோ, "கேட்காமல் விட்டால் யார் தருவார்கள் உம்மா? மனு எழுதுங்கள், சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள்" என்றான். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது.

உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியது அரசு மானியத்தில் அல்ல. வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். வணிகத்தில் ஈட்டியதில் ஒரு பங்கு தமிழுக்கும் தீனுக்கும் என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். இன்று நாம் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் செலவிடும் தொகையில் ஓர் ஊரின் கிதாபுகள் முழுவதையும் ஒளிநகல் எடுத்துவிடலாம். அரசிடம் கேட்பது நம் உரிமை. அதை விடக் கூடாது. கல்லச்சு நூல்களையும் சேர்க்க வேண்டும், அரபுத் தமிழுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று நானும் மனு எழுதியிருக்கிறேன். ஆனால் நம் கையில் உள்ள அமானிதத்துக்கு நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான், அமைச்சகம் அல்ல. நான் புதைத்த பெட்டிக்கு எந்த அரசையும் குற்றம் சொல்ல முடியாது. அது வாசிக்கத் தெரியாத பேத்தியின் குற்றம்.

நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீ வாசிப்பையும் எழுதுகோலையும் பற்றியது. அந்த உம்மத்தில் பிறந்தும் நம் வீட்டு எழுத்தை நாமே வாசிக்க இயலாமல் நிற்கிறோம்.

இப்போது வெள்ளிதோறும் அஸருக்குப் பின், ஊரில் எஞ்சியிருக்கும் மூதாட்டி ஒருவரிடம் நானும் என் பேத்தியும் அரபுத் தமிழ் கற்கிறோம். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சில எழுத்துகளே பாடம்; என் பேத்தி என்னைவிட விரைவாக வாசிக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். புதைப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். வாசிக்கத் தெரிந்தவரை இன்றே தேடுங்கள்.

யா அல்லாஹ், என் உம்மம்மாவின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. அவர் கற்றதையும் கற்பித்ததையும் ஏற்றுக்கொள்வாயாக. நாங்கள் அறியாமல் இழந்ததை மன்னித்து, எஞ்சியதைக் காக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. ஆமீன்.