ஜெராக்ஸைக் கொடு, ஒரிஜினலைக் கொடுக்காதே!



பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் எங்க அண்ணனுக்குப் பாடத்தில் பைத்தான் இருக்கு. கைடோ வான் ராசம் என்பவர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட கணினி மொழி அது. போன மாதம் அண்ணன் ஐந்து பேருடைய மதிப்பெண்ணை வைத்து ஒரு நிரல் எழுதினார். வரிசை எண் 1 முதல் 5 வரை மதிப்பெண்கள்: 72, 27, 91, 48, 62. இது ஒரு லிஸ்ட். பெயர்கள் தனி லிஸ்ட்.

முதல் மதிப்பெண் எதுன்னு கண்டுபிடிக்க, மதிப்பெண் லிஸ்டை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்தார். அது உள்ளே 'சார்ட்' போட்டு, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, கடைசியில் நின்ற 91-ஐச் சொன்னது. விடை சரிதான்.

அப்புறம் பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால், 72 வாங்கியவருக்கு 27! 27 வாங்கியவருக்கு 48! ஐந்து பேருக்கும் மாறிப்போச்சு. திரையில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கூட்டினாலும் அதே 300, சராசரியும் அதே 60. அப்போ கூட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

"ஃபங்ஷனுக்குள்ள அடுக்கினது வெளியில எப்படிண்ணா மாறும்?" என்று கேட்டேன்.

"லிஸ்டைக் கொடுத்தா பைத்தான் நகல் எடுக்காது பாப்பா. அதே லிஸ்டுக்கு உள்ளே இன்னொரு பேரு வைக்கும், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. எந்த ஆபீஸுக்குப் போனாலும் அம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸைத்தான் கொடுப்பாங்க. யார் அதில் கிறுக்கினாலும் நம்ம கார்டுக்கு ஒண்ணும் ஆகாது. பைத்தானிலும் அதற்கு வழி உண்டு.

1. 'சார்ட்' போடாமல் 'சார்ட்டட்' போடலாம். அது பழைய லிஸ்டைத் தொடாது, அடுக்கிய புது லிஸ்டைத் தரும்.

2. 'காப்பி' எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் உள்ளே இருப்பது நகலாகாது. அதற்கு 'டீப்காப்பி' வேணும்.

3. மாறவே கூடாது என்றால் லிஸ்டுக்குப் பதில் 'டியூப்பிள்' வைக்கலாம். அதில் 'சார்ட்' போட்டால் பைத்தானே பிழை காட்டி நிறுத்திவிடும்.

வெறும் எண்தானேன்னு நினைக்காதீங்க. 27 வாங்கியவருக்கு 48 என்று வந்தால், அவருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கணும்னு எந்த டீச்சருக்குத் தெரியும்? 72 வாங்கியவர் வீட்டில் திட்டு வாங்குவார். செய்யாத தப்புக்கு அழுவார்.

நம்மை நம்பிக் கொடுத்த பொருளைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று பெரியவங்க சொல்வாங்க. ஃபங்ஷன் எழுதுறவங்களுக்கும் அது பொருந்தும் என்று கூறி முடிக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி